‘கல்லு’ பாட்டைப் பதிவு செய்தவள்

ஜீவனஹள்ளி
9 பிப்ரவரி 2024

பிரபா,

இத்தனை வருஷம் கழித்து என்னிடமிருந்து மெயில் வருவதைப் பார்த்துப் பயப்படாதே. போன் செய்ய முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். வாட்ஸப்பில் எழுதலாம். ஆனால் நீ படித்துவிட்டாய் என்று தெரிந்த பிறகு பதில் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார எனக்குத் தெம்பில்லை.

உனக்குத் தெரிந்ததுதான், டிசம்பரில் என் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கேன்சர். ஒரு வருஷமாகவே தொண்டை கம்மியிருந்தது. கத்திப் பாடிய காலத்தின் மிச்சம் என்று நினைத்து மிளகுப் பால் குடித்துக்கொண்டிருந்தேன். இப்போது கழுத்தில் ஒரு துளை. மூச்சு அது வழியாகத்தான். சாப்பிடுகிறேன், தெருமுனைவரை நடக்கிறேன். பேச்சு கிடையாது. பாட்டு அறவே கிடையாது. டாக்டர் இதைச் சொல்லும்போது ரொம்பத் தடுமாறினார். நான்தான் அவர் தோளில் தட்டிக்கொடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தன்யா கைக்குழந்தையாக இருந்தபோது லிங்கராஜபுரம் வீட்டுப் பின்னறையில் நாம் ஓர் ஆல்பம் பதிவு செய்தோமே, வெளியிடாமலே விட்டது, அதன் ஹார்ட் டிஸ்க் உன்னிடம் இருக்கிறது. என்னிடம் இருந்த காப்பி பழைய லேப்டாப்போடு போய்விட்டது. ஓஸ்வால்ட் அதை வெளியிட வேண்டும் என்கிறான். நம் பேண்டில் பேஸ் கிடார் வாசித்தவன் இப்போது சின்னச் சின்ன பேண்டுகளின் பாட்டுகளை ஆன்லைனில் போட்டுக்கொண்டிருக்கிறான். ‘கேட் மூடியிருக்கு’ என்று நம் பேண்ட் பெயர் போட்ட டி-சர்ட்டோடு ஒருவன் இந்திராநகரில் நடந்து போனதைப் பார்த்தானாம். அதைச் சொல்லும்போது அவன் கண்ணில் தண்ணீர்.

நாம் வெளியிட்ட ஒரே ஆல்பத்தில் என் குரலை கிடாருக்கு அடியில் புதைத்துவிட்டோம். அன்றைக்கு அதுதான் நமக்கு ஸ்டைல். என் குரல் சுத்தமாகக் கேட்கும் பதிவு என்று உலகத்தில் இருப்பது அந்த டிஸ்க்கில் மட்டும்தான். நீ மைக் வைத்த விதம் அப்படி.

அனுப்பி வைப்பாயா?

சுனில்


வைட்ஃபீல்ட்
21 பிப்ரவரி 2024

சுனில் அவர்களுக்கு,

ஆபரேஷன் பற்றி ஓஸ்வால்ட் ஜனவரியிலேயே சொன்னார். மருத்துவமனைக்கு வரட்டுமா என்று அவரிடம் கேட்டேன். வேண்டாம் என்று நீங்கள் எழுதிக் காட்டியதாகச் சொன்னார். உடம்பு தேறுகிறது என்பதில் எனக்கு நிம்மதி. உபசாரத்துக்காக இதை எழுதவில்லை.

டிஸ்க் என்னிடம் இருக்கிறது. ஓடும் நிலையில்தான் இருக்கிறது. தர மாட்டேன்.

காரணம் தெரியாதது போல எழுதியிருக்கிறீர்கள். ஒருவேளை ‘கல்லு’ பாட்டின் வரிகள் மறந்துவிட்டனவோ என்னவோ. எனக்கு மறக்கவில்லை.

கல்லுக்கு ஒரு புள்ள பொறந்துச்சு
கல்லு அதைப் பாக்கல
பாலு பொங்கி அடுப்பு அணைஞ்சும்
கல்லு எழுந்து வரல

கல் யார், புள்ள யார் என்று பேண்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளைக்கு இப்போது பதின்மூன்று வயது. சாப்பிடும்போதுகூடக் காதில் இயர்போன். நீங்கள் ஆன்லைனில் போட்ட மறுநாள் கேட்டுவிடுவாள். தன் அம்மாவைப் பற்றி அவள் முதலில் தெரிந்துகொள்ளப்போவது அதுவாக இருக்க வேண்டாம்.

இன்னொன்று. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க மால் வாசலில் வந்து நிற்பீர்கள். போன வருஷம் அது நின்றது. அவள் போன் செய்தால் கட் ஆகிறது. “அப்பா என்னை பிளாக் பண்ணிட்டாராம்மா?” என்று கேட்டாள். அவளுக்கு எதுவும் தெரியக்கூடாது என்று ஓஸ்வால்ட் மூலம் சொல்லி அனுப்பியது நீங்கள். அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு தினமும் ஆபீஸ் பஸ் ஏறுவது நான். அலுத்துவிட்டது.

நான் இப்போது பாட்டு எதையும் பதிவு செய்வதில்லை. கம்பெனிகளின் ட்ரெயினிங் வீடியோக்களுக்குக் குரல் பதிவு செய்கிறேன். தீ பிடித்தால் லிப்டில் ஏறாதீர்கள் என்பது போன்றவை. அதைப் பேசுகிறவர்களுக்கு யார் மீதும் கோபம் இருக்காது. எனக்கு அது போதும்.

பிரபா


ஜீவனஹள்ளி
2 மார்ச் 2024

பிரபா,

‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். ஃபேமிலி கோர்ட்டில் ஜட்ஜ் எதிரில்கூட ‘நீ’ என்றுதான் சொன்னாய். ஜட்ஜ் உன்னை முறைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வரிகள் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டை நான் உன் முதுகுக்குப் பின்னால் பாடவில்லையே. நேருக்கு நேர் நின்று பாடினேன். நீ ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தாய். முடிந்ததும் அழுவாய், திட்டுவாய், மைக்கைப் பிடுங்கி எறிவாய் என்று காத்திருந்தேன். மாதக்கணக்கில் நீ என்னிடம் பேசவில்லை. எதையாவது செய்து உன்னைப் பேசவைக்க வேண்டும் என்றிருந்தது. நீ தலையைக்கூடத் தூக்கவில்லை. “லெவல் சரியா இருக்கு. இன்னொரு டேக் போலாமா?” என்றாய்.

இரண்டாவது டேக்கில் ஒரு கோபம் இருக்கும். அது முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்கானது. நியாயம் பேச வரவில்லை. அந்த அறையில் என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, அவ்வளவுதான்.

தன்யா விஷயம். போனை எடுத்து நான் என்ன செய்வது? அந்தப் பக்கம் அவள் “அப்பா, அப்பா” என்பாள். இந்தப் பக்கமிருந்து காற்று போகும். ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். “சிக்னல் இல்ல போலிருக்கு” என்று வைத்துவிட்டாள்.

நீயே சொல்லிவிடு. நான் எழுதினால் ஏதாவது வேடிக்கையாக எழுதிக் கெடுத்துவிடுவேன்.

சுனில்


வைட்ஃபீல்ட்
18 மார்ச் 2024

சுனில்,

சொல்லிவிட்டேன். அழவில்லை. “எப்ப இருந்து உனக்குத் தெரியும்?” என்று கேட்டாள். ஜனவரியிலிருந்து என்றேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் வெளியே வந்து, நான் காய் நறுக்கிக்கொண்டிருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“இனிமே அப்பாவால பேசவே முடியாதா?”

“ஒரு மெஷின் இருக்கு. கழுத்துல வச்சு அழுத்திட்டுப் பேசணும். ஆனா அது அப்பா குரல் மாதிரி இருக்காது.”

“அப்பா குரல் எப்படி இருக்கும்? எனக்கு அந்தக் கரகரப்புதான் ஞாபகம் வருது. அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?”

ஒரு குரலைக் கேட்டால் எந்த மைக்கில், எவ்வளவு தள்ளி நின்று பேசியது என்று சொல்கிறவள் நான். உன் குரலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “கொஞ்சம் மூக்குல வரும். கீழ எறங்குறப்ப நல்லா இருக்கும்” என்றேன். “அவ்வளவுதானா?” என்றாள்.

அந்த அறையில் என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறாய். பால் பொங்கியது நிஜம். அடுப்பு அணைந்து கேஸ் பரவியதும் நிஜம். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து போய் மூட வேண்டும் என்று தெரிகிறது, கையும் காலும் வேறு யாருடையதோ போல இருக்கிறது. குழந்தை அழுகை பக்கத்து வீட்டில் கேட்பது போலக் கேட்கிறது. பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வரும் நோய் அது என்று, நாம் பிரிந்த பிறகு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா சொன்னார். மாத்திரை சாப்பிட்டேன், சரியாயிற்று. ஒரு நோய், ஒரு மாத்திரை. அதற்குள் ஒரு வீடு போய்விட்டது.

அந்த மாதங்களில் எனக்குத் தடுமாறாமல் செய்ய முடிந்தது அந்த வேலை ஒன்றுதான். ஹெட்போனைப் போட்டால் மட்டும் எல்லாம் பக்கத்தில் வந்து கேட்கும். உன் பாட்டைக் கேட்டேன், சுனில். ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். வலித்தது. வலிக்கிறதே என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். லெவல் சரியாக இருந்தது.

தன்யா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

பிரபா


ஜீவனஹள்ளி
8 ஏப்ரல் 2024

பிரபா,

உன் கடிதத்தை எடுத்துப் படிப்பதும் மூடிவைப்பதுமாக இருந்தேன். எனக்கு அன்றைக்கு முப்பது வயது. என்ன உடம்புக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, பாட்டு எழுதினேன்.

தன்யா வந்ததைச் சொல்கிறேன். பையப்பனஹள்ளிவரை நீயும் மெட்ரோவில் வந்ததையும், ஆட்டோவில் தெருமுனைவரை வந்து பேக்கரியிலேயே உட்கார்ந்துவிட்டதையும் அவள்தான் சொன்னாள். உள்ளே வந்திருக்கலாம். வந்திருந்தால் நான் எங்கே போய் நின்றிருப்பேன் என்பதும் தெரியவில்லை.

நான் போனில் தட்டிக் காட்டினேன். அவளும் தன் போனில் தட்டி எனக்குக் காட்டினாள். ஐந்தாறு முறை இப்படி நடந்த பிறகு அவளே சிரித்துவிட்டாள். “அப்பா, உனக்குக் காது கேக்கும்ல? நான் எதுக்கு டைப் பண்றேன்?” நானும் சிரித்தேன். என் சிரிப்புக்குச் சத்தம் இல்லை என்று அப்போதுதான் கவனித்தாள். முகம் ஒரு நொடி மாறியது. உடனே சரிசெய்துகொண்டாள். இந்தச் சாமர்த்தியம் எல்லாம் உன்னிடமிருந்து வந்தது.

மெஷினை எடுத்துப் பேசிக் காட்டினேன். மாவு மிஷினுக்குள்ளிருந்து ஓர் ஆள் கூப்பிடுவது போல இருக்கும். “கூல்” என்றாள். கை மட்டும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்புறம், “நீ பாடினதைப் போடுப்பா” என்றாள். நம் பழைய ஆல்பத்தைப் போட்டேன். தலையைச் சாய்த்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். ஒரே இரைச்சல், மேலே கிடார், அதற்குள் எங்கேயோ யாரோ கத்துகிறார்கள்.

“இதுல நீ எங்கப்பா இருக்கே?” என்றாள்.

குத்திக்காட்ட அவள் சொல்லவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

பிரபா, அந்த டிஸ்க்கை அழித்துவிடு. அதில் இருப்பது என் குரல்தான், ஆனால் அது உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு அப்பா குரல் இப்படி என்று காட்ட, அம்மாவைத் திட்டுவதைத்தான் போட்டுக் காட்ட வேண்டுமா? வேண்டாம். குரல் இல்லாத அப்பாவாகவே இருந்துவிட்டுப் போகிறேன். டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்று ஓஸ்வால்டிடம் சொல்லிக்கொள்கிறேன்.

சுனில்


வைட்ஃபீல்ட்
20 மே 2024

சுனில்,

அழிக்கவில்லை.

அழிக்கத்தான் எடுத்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை வருவது போல இருட்டிக்கொண்டிருந்தது. அழிப்பதற்கு முன்னால் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று முதல் பாட்டைப் போட்டேன். அப்படியே எல்லாவற்றையும் கேட்டேன். பிரிந்த பிறகு இதுதான் முதல் தடவை.

இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நல்ல பாட்டுகள், சுனில். நீ நன்றாகப் பாடியிருக்கிறாய். நான் அதைவிட நன்றாகப் பதிவு செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு இந்த ஊரில் எத்தனையோ வேலை செய்துவிட்டேன், இவ்வளவு நல்லதாக ஒன்றும் அமையவில்லை. நிற்கக்கூட முடியாமல் இருந்த ஒருத்தி செய்த வேலை இது. அவளை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

‘கல்லு’ ஓடிக்கொண்டிருந்தபோது தன்யா பின்னால் வந்து நின்றிருக்கிறாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று தோன்றியது. இத்தனை மாதம் அவளிடம் மறைத்து மறைத்துக் களைத்துப்போயிருந்தேன். விட்டுவிட்டேன்.

முடிந்ததும் கேட்டாள். “இது அப்பாவா?”

“ஆமா.”

“கல்லுன்னா நீயா?”

“ஆமா.”

“அந்தப் புள்ள நானா?”

எல்லாவற்றையும் சொன்னேன். பால், கேஸ், மாத்திரை எல்லாம். “அப்ப இதை யாரு ரெக்கார்ட் பண்ணது?” என்றாள்.

“நான்தான்.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உன்னைத் திட்டுற பாட்டை நீயே உட்காந்து ரெக்கார்ட் பண்ணியா? ரெண்டு பேருமே லூசும்மா” என்றாள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். மடியில் படுத்துக்கொண்டாள். இவ்வளவு பெரிய பெண் மடியில் படுத்துப் பல காலம் ஆயிற்று. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அந்தப் பாட்டையே போட்டாள். “வாய்ஸ் நல்லா இருக்கும்மா. மூக்குல எல்லாம் வரல. நீ சும்மா சொன்ன” என்றாள்.

இனி முடிவு. இது அவள் சொன்னது, நான் சொன்னதல்ல. மற்றப் பாட்டுகள் எல்லாம் வெளியே போகலாம். ‘கல்லு’ போகாது. “அது என்னைப் பத்தின பாட்டு. எங்க ஸ்கூல்ல எவளும் அதைக் கேக்க வேணாம்.” அதை அவள் போனில் ஏற்றிக்கொடுத்துவிட்டேன்.

என் பங்குக்கு இரண்டு நிபந்தனை. மிக்ஸிங்கை நான்தான் செய்வேன், ஓஸ்வால்ட் கை வைக்கக் கூடாது. வைத்தால் பேஸ் மட்டும்தான் கேட்கும். இரண்டாவது, முதல் ஆல்பத்தின் அட்டையில் உங்கள் எல்லோர் பெயரையும் போட்டுவிட்டுக் கடைசியில் ‘டீ, பிஸ்கட், அன்பு: பிரபா’ என்று போட்டீர்கள். இந்த முறை ‘ஒலிப்பதிவு’ என்று போட வேண்டும்.

சனிக்கிழமைகளில் எனக்கு வசதிப்படும். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நானே அங்கே வருகிறேன்.

பிரபா


ஜீவனஹள்ளி
6 ஜூலை 2024

பிரபா,

இன்று மத்தியானம் நடந்தது எனக்குப் புரியவில்லை. தன்யாவிடம் போனில் தட்டிக் கேட்டேன். அம்மா ஆட்டோவில் வாயே திறக்கவில்லை என்று பதில் போட்டாள். அதனால் எழுதுகிறேன்.

வேலை நல்லபடியாகத்தான் முடிந்தது. கடைசிப் பாட்டையும் முடித்துவிட்டு நீ லேப்டாப்பை மூடினாய். இத்தனை சனிக்கிழமையும் நாம் பாட்டைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. நான் கையைத் தூக்கினால் நீ குரலை ஏற்றினாய், இறக்கினால் இறக்கினாய். அதுவே போதும் போல எனக்கு இருந்தது. பழைய நாளில் பேசிப் பேசித்தான் சண்டை வந்தது.

இன்று கடைசி நாள் என்று காலையிலேயே எழுந்து சமைத்து வைத்திருந்தேன். கீரை கடைந்து, முட்டை பொரித்து, உனக்குப் பிடிக்கும் என்று ரசத்தில் பூண்டு தட்டிப் போட்டு. தன்யா பக்கத்து வீட்டு நாய்க்குட்டியோடு வாசலில் இருந்தாள். நீ பையை எடுத்தாய். நான் மெஷினைக் கழுத்தில் வைத்து, “சாப்பிடு பிரபா” என்றேன்.

நீ அப்படியே நின்றுவிட்டாய். உன் கண் நிறைந்துவிட்டது. “பரவால்ல சுனில். போகட்டும் விடு. நானும்தான் வாயைத் திறக்கல” என்றாய். என் கையை ஒருமுறை பிடித்தாய். அப்புறம் விறுவிறுவென்று வெளியே போய் தன்யாவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டாய்.

போட்ட தட்டு போட்டபடியே இருந்தது. ஒரு வாய்ச் சாப்பாட்டுக்கு எதற்கு அழுதாய்? நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா? ரசத்தை ராத்திரிக்கு வைத்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

சுனில்


வைட்ஃபீல்ட்
9 ஜூலை 2024

சுனில்,

உன் கடிதத்தை ஆபீஸில் படித்தேன். படித்துவிட்டு ரெக்கார்டிங் ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே உட்கார்ந்தால் வெளியே சத்தம் கேட்காது. அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

எனக்கு “சாரி பிரபா” என்று கேட்டது.

நீ மன்னிப்புக் கேட்பாய் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஆனால் காதில் விழுந்ததும், எவ்வளவு நாளாக அதற்காக நின்றுகொண்டே இருந்திருக்கிறேன் என்று தெரிந்தது. கால் வலி அப்போதுதான் தெரிந்தது. உட்கார்ந்தால் உடைந்துவிடுவேன் என்று பயந்துதான் கிளம்பினேன். பிழைப்பே காதை வைத்து நடத்துகிறவள் நான். சாப்பாட்டை மன்னிப்பு என்று கேட்டிருக்கிறேன். யாரிடமும் சொல்லாதே.

நீ அதைச் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. இதைப் படித்துவிட்டு அவசர அவசரமாக எழுதி அனுப்ப வேண்டாம். எனக்குத் தேவையில்லை. பரவாயில்லை என்று நான் சொல்லிவிட்டேன். மனதாரத்தான் சொன்னேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை.

சனிக்கிழமை தன்யா உன்னிடம் வருகிறாள். நானும் வருகிறேன், வேலை எதுவும் இல்லை. பசியோடு வருவேன்.

பிரபா